‘ஏன் நேற்று வரவில்லை?’ என்று கேட்க ஓர் ஆள்

கேள்வி: எனக்கு வயது 49. மதுரையில் தெப்பக்குளத்துக்கு அருகே சொந்த வீட்டில் இருக்கிறேன். பி.ஏ. தமிழ் படித்தேன், வேலைக்குப் போனதில்லை. கணவர் 14 ஆண்டுகளாகக் குவைத்தில் இருக்கிறார். மகள் திருமணமாகிக் கோவையிலும், மகன் வேலை கிடைத்துச் சென்னையிலும் இருக்கிறார்கள். பக்கவாதத்தில் விழுந்த என் அத்தையை (மாமியார்) ஆறு ஆண்டுகள் நான்தான் பார்த்துக்கொண்டேன். கடந்த தை மாதம், தெப்பத் திருவிழா முடிந்த மறுவாரம் அவர் தவறிவிட்டார். ‘இனியாவது நிம்மதியா இரு’ என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். ஆனால் சாயங்காலம் ஐந்து மணியானால் நெஞ்சு கனத்துப் போகிறது. சத்தத்துக்காக டிவியைப் போட்டு வைக்கிறேன். இரவு மூன்று மணிக்கு விழிப்பு வந்தால் பிறகு தூக்கமில்லை. பக்கத்து வீட்டு அக்கா கொடுத்த தூக்க மாத்திரையை எப்போதாவது அரை போட்டுக்கொள்கிறேன். சமைக்கப் பிடிக்கவில்லை. பெரிய கோலம் போடுகிறவள், இப்போது நாலு கோடு இழுத்துவிட்டு வந்துவிடுகிறேன். உடம்பு நான்கு கிலோ இறங்கியிருக்கிறது. ஆறு வருடமாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறேன். மாதவிடாயும் ஒழுங்கில்லை. மீனாட்சியம்மன் கோவிலுக்குப் போனால் அந்தக் கூட்டத்தில் இன்னும் தனியாகத் தோன்றுகிறது. வாட்ஸ்அப் குழுவில் சொந்தக்காரர்கள் 84 பேர். பேச ஒருவர் இல்லை. கணவர் அங்கே தனியாகக் கஷ்டப்படுகிறார், அவரிடம் இதைச் சொல்ல மனம் வரவில்லை. அத்தைக்குப் பேச்சு போய்விட்டது. ஆனாலும் நான் அறைக்குள் நுழைந்தால் அவர் கண் என் பக்கம் திரும்பும். இது நோயா, அல்லது என் நாத்தனார் கேட்கிற மாதிரி வசதியில் வந்த கொழுப்பா? கூடத்தில் அத்தையின் கட்டில் அப்படியே கிடக்கிறது. அதன் பக்கத்தில்தான் இன்னும் பாய் விரித்துப் படுக்கிறேன். அதை எடுத்துவிடலாமா என்றும் சொல்லுங்கள்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் நாத்தனார் கேட்ட கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். அவர் அதை ஒருமுறை கேட்டிருப்பார். நீங்கள் அதை உங்களிடமே பலமுறை கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள் என்பது கடிதத்தில் தெரிகிறது. இது கொழுப்பு அன்று. உலக சுகாதார நிறுவனம் மனிதர்களுக்கிடையிலான தொடர்பைப் பற்றி ஆராய்வதற்கென்றே 2023-இல் ஓர் ஆணையத்தை அமைத்தது. அந்த ஆணையம் 2025 ஜூன் மாதம் வெளியிட்ட அறிக்கையில், உலகில் ஆறு பேரில் ஒருவர் தனிமையுணர்வால் பாதிக்கப்பட்டிருப்பதாகவும், ஆண்டுக்கு ஏறத்தாழ 8,71,000 மரணங்களில் அதற்குப் பங்கு இருப்பதாகவும் மதிப்பிட்டிருந்தது. பிரிட்டன் 2018-இலும் ஜப்பான் 2021-இலும் இதைக் கவனிப்பதற்கு அமைச்சர்களையே நியமித்தன. உங்களைப் பயமுறுத்துவதற்காக இவற்றைச் சொல்லவில்லை; தனிமையில் இருப்பது நாளொன்றுக்குப் பதினைந்து சிகரெட் புகைப்பதற்குச் சமம் என்று அமெரிக்காவிலிருந்து கிளம்பி இங்கே வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருக்கும் ஒப்பீட்டை, ஏற்கெனவே தூக்கம் கெட்டுப்போய் இருப்பவரிடம் சொல்வதில் எனக்கு உடன்பாடு கிடையாது. அரசாங்கங்கள் உட்கார்ந்து பேசுகிற ஒரு துன்பத்துக்கு நீங்கள் வெட்கப்பட வேண்டியதில்லை என்பதற்காகவே சொன்னேன்.

ஆனால் ‘வசதி’ என்று நாத்தனார் சொன்னாரே, அந்தச் சொல்லில் அவர் அறியாமலே கொஞ்சம் உண்மை இருக்கிறது. நம் ஊர்த் தெருக்களில் குழாயடி என்று ஒன்று இருந்ததை நீங்கள் பார்த்திருப்பீர்கள். குடத்தை வரிசையில் வைத்துவிட்டு நிற்கும் அந்த அரை மணி நேரத்தில் சண்டையும் நடந்தது, வீட்டுக் கதையும் நடந்தது. ஒருத்தி இரண்டு நாள் வராவிட்டால் மூன்றாம் நாள் அவள் வீட்டுக் கதவை யாராவது தட்டினார்கள். போர்வெல்லும் மோட்டாரும் வந்தபோது குடம் சுமக்கிற வேலை ஒழிந்தது, கூடவே அந்தக் கதவைத் தட்டுகிற ஆளும் ஒழிந்துபோனாள். கிரைண்டர் வந்து மாவு மில்லுக்குப் போகிற வேலையும், திண்ணையை அடைத்துக் கம்பிக் கதவு போட்டதில் வாசலில் உட்காருகிற வழக்கமும் இப்படியே போயின. இவற்றையெல்லாம் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். முதுகு ஒடியத் தண்ணீர் சுமந்தவர்கள் யாரும் அப்படிச் சொல்லமாட்டார்கள். ஒவ்வொரு வசதியும் நம்மிடமிருந்து ஓர் அறிமுகத்தைக் கழித்துக்கொண்டுதான் உள்ளே வந்தது என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்; பின்னால் இது பயன்படும்.

வயதைப் பற்றியும் ஒரு வார்த்தை. டேவிட் பிளாஞ்ச்ஃபிளவர், ஆண்ட்ரூ ஆஸ்வால்டு என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் 2008-இல் வெளியிட்ட ஆய்வில், மனநிறைவு இளமையில் உயர்ந்தும் நடுவயதில் தாழ்ந்தும் பிறகு மீண்டும் உயர்ந்தும் செல்வதாகக் காட்டினார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளின் தரவுகளை வைத்துப் பின்னர் பிளாஞ்ச்ஃபிளவர் செய்த கணக்கில், வளரும் நாடுகளில் அந்தப் பள்ளத்தின் அடி 48 வயதை ஒட்டி வந்தது. 2012-இல் சிம்பன்சி, ஒராங்குட்டான் ஆகிய குரங்குகள் 508-ஐப் பற்றி அவற்றைப் பராமரிப்பவர்களிடம் கேட்டு நடத்திய ஆய்விலும் நடுவயதில் இதே பள்ளம் தென்பட்டதாகச் சொன்னார்கள். வீட்டுக் கடனும் பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணமும் இல்லாத குரங்குக்கு என்ன கவலை என்று அதைப் படித்தபோது எனக்கே சிரிப்பு வந்தது. இந்த வளைகோடு எல்லாச் சமூகங்களுக்கும் பொருந்தாது என்று மறுப்பவர்களும் இருக்கிறார்கள். ஆகவே ‘49 வயதில் எல்லோருக்கும் இப்படித்தான், தானாகச் சரியாகிவிடும்’ என்று இதை வைத்து உங்களிடம் சொல்ல முடியாது. இந்த வயதில் மனம் தாழ்வது அரிதான செய்தி அன்று என்பது வரைக்கும் அது உதவும், அதற்கு மேல் உதவாது. உங்கள் பள்ளத்துக்கு உங்கள் வீட்டிலேயே காரணம் இருக்கிறது.

அந்தக் காரணத்தை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ‘நான் அறைக்குள் நுழைந்தால் அவர் கண் என் பக்கம் திரும்பும்’ என்ற அந்த ஒரு வரிதான் கடிதத்தில் மிக முக்கியமான வரி என்று நினைக்கிறேன். ஆறு ஆண்டுகள் நீங்கள் ஒருவருக்குப் பணிவிடை செய்தீர்கள் என்றுதான் ஊர் பார்த்தது. அந்த ஆறு ஆண்டுகளும் நீங்கள் ஒருவரால் எதிர்பார்க்கப்பட்டீர்கள் என்பதை யாரும் பார்க்கவில்லை. அடுப்படியில் பத்து நிமிடம் தாமதித்தால் கூடத்தில் ஒரு மனுஷிக்கு அது தெரிந்தது. அது மட்டுமா? அத்தையைப் பார்க்க வந்தவர்கள் உங்களோடு ஒரு டம்ளர் காபி குடித்துவிட்டுப் போனார்கள். ரத்தம் எடுக்க வந்த லேப் பையனும், கை காலுக்குப் பயிற்சி கொடுக்க வந்தவரும், ஆரஞ்சுப் பழத்தோடு வந்த உறவினர்களும் அந்தக் கட்டிலைச் சுற்றித்தான் வந்தார்கள். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் அத்தனை பேரும் ஒருசேர நின்றுவிட்டார்கள். அவர்கள் நோயாளியைப் பார்க்க வந்தவர்கள். நோயாளி இல்லை, அதனால் வரவில்லை. அவர்கள் மேல் தவறில்லை. ஆனால் நீங்கள் ஒரே வாரத்தில் ஒரு மாமியாரையும், ஒரு வேலையையும், ஒரு வட்டத்தையும் சேர்த்து இழந்திருக்கிறீர்கள், அதில் முதலாவது இழப்புக்கு மட்டும்தான் துக்கம் விசாரித்தார்கள்.

ராபர்ட் வைஸ் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1973-இலேயே தனிமையை இரண்டாகப் பிரித்தார். சுற்றிலும் ஆட்கள் இல்லாமல் போவது ஒன்று. மனத்துக்கு நெருக்கமான ஒருவர் இல்லாமல் போவது இன்னொன்று. முதலாவதற்கான மருந்து இரண்டாவதற்கு வேலை செய்யாது, இரண்டாவதற்கானது முதலாவதற்கும் செய்யாது என்பது அவர் கண்டது. எண்பத்து நான்கு பேர் இருக்கும் குழுவும், அம்மன் சன்னிதிக் கூட்டமும் உங்கள் தனிமையை ஏன் போக்கவில்லை என்பதற்கு விளக்கம் இதில் இருக்கிறது. அந்தக் கூட்டத்தில் நீங்கள் இல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. உங்களுக்கு வேண்டியது, நீங்கள் வராவிட்டால் ‘ஏன் நேற்று வரவில்லை?’ என்று கேட்கிற ஓரிடம். நான் கீழே சொல்லப்போகிற யோசனைகளை இந்த ஒரு கேள்வியை வைத்துத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறேன். பிறர் உங்களுக்குச் சொல்லும் யோசனைகளையும் இதை வைத்தே எடைபோடுங்கள்.

அதற்கு முன் உடம்பைப் பார்த்துவிட வேண்டும். என் அறைக்கு வரும் பெண்களில் ‘தனிமையாக இருக்கிறது’ என்று சொல்லிக்கொண்டு வந்தவர்கள் மிகச் சிலரே. கை கால் குடைச்சல், படபடப்பு, தலைபாரம், ‘உடம்பு ஒரு மாதிரியா இருக்கு டாக்டர்’ என்றுதான் வருவார்கள். அரை மணி நேரம் கழித்துத்தான் ‘வீடு வெறிச்சுனு இருக்கு’ என்ற வார்த்தை வரும். நீங்கள் நேர்மாறாக மனத்தைச் சொல்லிவிட்டு உடம்பைக் கடைசி வரிசையில் வைத்திருக்கிறீர்கள். மெட்ஃபார்மினை ஆண்டுக்கணக்கில் சாப்பிடும் சிலருக்கு வைட்டமின் பி12 குறைந்துபோகும். அது குறைந்தால் சோர்வும் மறதியும் மனத்தளர்ச்சியும் வரலாம். தைராய்டு குறைவும் ரத்தசோகையும் இதே முகத்தோடுதான் வரும். இந்தியப் பெண்களுக்கு மாதவிடாய் நிற்கும் சராசரி வயது ஏறத்தாழ 46, 47. அதற்கு முன்னும் பின்னுமான சில ஆண்டுகளில் தூக்கம் கெடுவதும், நடுஇரவில் உடம்பு தீயாய்க் கொதித்து வியர்ப்பதும், மனம் தாழ்வதும் கூடுதலாக நேர்கின்றன. நீங்கள் அந்த ஆண்டுகளுக்குள் நிற்கிறீர்கள். எனவே இந்த வாரமே ஹீமோகுளோபின், தைராய்டு, பி12, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை ஆகிய நான்கையும் பரிசோதித்துக்கொண்டு, உங்களுக்குச் சர்க்கரை மாத்திரை எழுதித் தரும் மருத்துவரிடம் காட்டுங்கள். முயலாமலே நான்கு கிலோ குறைந்ததை அவரிடம் தனியாகச் சொல்லுங்கள். சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டாலும் எடை இறங்கும்.

அடுத்தது மனச்சோர்வு. தனிமையுணர்வைப் பசிக்கு ஒப்பிடுவார்கள்; உடம்பு சோறு கேட்பதுபோல மனம் மனிதரைக் கேட்கிறது. மனச்சோர்வு என்பது பசியே எடுக்காமல் போகிற நிலை. உங்களிடம் இரண்டும் கலந்திருக்கின்றன. பேச ஆள் வேண்டும் என்று எழுதுகிறீர்கள், அது பசி. ஆனால் சமையலும் கோலமும் பிடிக்காமல் போயிருக்கின்றன, விடியுமுன் விழிப்பு வருகிறது, எடை குறைந்திருக்கிறது, இவை பசியின்மை. பெரும்பாலான நாட்களில், நாளின் பெரும்பகுதியில், இரண்டு வாரங்களுக்கு மேல் இப்படி நீடித்தால் அதை மனச்சோர்வு நோயா என்று முறையாகப் பரிசோதிக்க வேண்டும் என்பது மருத்துவ விதி. உங்களுக்கோ பத்து மாதம் ஆகப்போகிறது. கடிதத்தை வைத்து நோயை உறுதி செய்ய எனக்கு உரிமை இல்லை. ஆனால் ஒரு மனநல மருத்துவரை நேரில் பார்க்க வேண்டும் என்று சொல்ல உரிமை இருக்கிறது. நம் பெரியாஸ்பத்திரியிலேயே, அதாவது அரசு இராசாசி மருத்துவமனையிலேயே, மனநலப் பிரிவு இருக்கிறது, செலவில்லை. மருந்து எழுதினால் பயப்படாதீர்கள். மனச்சோர்வுக்கான மருந்துகள் பழக்கத்துக்கு அடிமையாக்குபவை அல்ல. பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரங்கள் பிடிக்கும், குணமான பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர வேண்டியிருக்கும், நீங்களாக ஒரே நாளில் நிறுத்தக் கூடாது. லேசான சோர்வாக இருந்தால் மருந்தில்லாமல் பேச்சுச் சிகிச்சையே போதுமானதாகவும் இருக்கலாம்.

பக்கத்து வீட்டு அக்காவின் மாத்திரையை இன்றோடு விட்டுவிடுங்கள். அது பெரும்பாலும் அல்பிரசோலம் வகையாக இருக்கும். மருத்துவரின் சீட்டு இல்லாமல் யாரும் கொடுக்கவும் கூடாது, வாங்கவும் கூடாது. அந்த வகைதான் பழக்கமாகிவிடக்கூடியது. எப்போதாவது அரை மாத்திரை என்பதால் நிறுத்துவதில் உங்களுக்குச் சிக்கல் இராது. தினமும் போடும் அளவுக்குப் போயிருந்தால் மட்டும், திடீரென்று நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்லிப் படிப்படியாகக் குறையுங்கள்.

இன்னொன்றையும் நேராகவே கேட்டுவிடுகிறேன். உயிரோடு இருந்து என்ன என்ற எண்ணம் வருகிறதா? கேட்டால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி வராது, கேட்டால் பாரம்தான் குறையும். வந்தால் விடியும்வரை காத்திருக்காமல், 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணுக்கோ, தமிழக அரசின் 104-க்கோ அழையுங்கள். இரவு மூன்று மணிக்கும் தமிழில் பேச ஆள் இருக்கும்.

இனி அந்த ஐந்து மணிக்கு வருகிறேன். நீங்கள் இருப்பது தெப்பக்குளத்துக்கு அருகில் என்பது நல்ல வாய்ப்பு. வெயில் தாழ்ந்ததும் குளத்தைச் சுற்றி நடப்பவர்களும், சுற்றுச்சுவரில் உட்கார்ந்து பேசுபவர்களுமாக அங்கே ஒரு சிறிய ஊரே கூடுகிறதே. நடைப்பயிற்சி என்று மனத்தில் வைத்துக்கொண்டு போனால் நான்கு நாளில் மழையைச் சாக்கிட்டு நின்றுவிடுவீர்கள். அங்கே தெரிந்த முகமாவதற்காகப் போங்கள். ஒரே நேரத்தில் போய், ஒரே பக்கத்திலிருந்து தொடங்கி, முடிந்ததும் ஒரே இடத்தில் உட்காருங்கள். முதல் வாரம் யாரிடமும் பேச வேண்டாம். இரண்டாவது வாரம் எதிரில் வருபவர் தலையசைப்பார். மூன்றாவது வாரம் ‘வீடு இங்கதானா?’ என்று ஒருவர் கேட்பார். நம் ஊரில் அந்தக் கேள்வி வராமல் போகாது. கான்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் என்பவர் 2018-இல் செய்த கணக்கின்படி, அறிமுகமான ஒருவர் சாதாரண நண்பராக ஏறத்தாழ ஐம்பது மணி நேரமும், நெருங்கிய நண்பராக இருநூறு மணி நேரத்துக்கு மேலும் சேர்ந்து கழிக்க வேண்டியிருக்கிறது. அமெரிக்கர்களிடம் எடுத்த கணக்கு அது. மதுரையில் கொஞ்சம் விரைவாகவே நடக்கும் என்பது என் சொந்த அபிப்பிராயம். எப்படியானாலும் வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு ஒரு மணி நேரம் என்று இந்த ஐப்பசியில் தொடங்கினால் ஐம்பது மணி நேரம் நிறையும்போது தை பிறந்திருக்கும். இரண்டு வாரத்தில் ஒன்றும் நடக்கவில்லை என்று நீங்களே தீர்ப்பு எழுதிவிடாமல் இருக்கத்தான் இந்தக் கணக்கைச் சொல்கிறேன்.

முகம் பழகுவது மட்டும் போதாது, உங்களை ஒருவர் எதிர்பார்க்கவும் வேண்டும். தமிழ் படித்தவர் நீங்கள். பார்வையற்ற மாணவர்களுக்குப் பாடம் வாசித்துக் காட்டவும், தேர்வில் அவர்கள் சொல்லச் சொல்ல எழுதித் தரவும் ஆட்கள் எப்போதும் தேவைப்படுகிறார்கள். புதுநத்தம் சாலையில் 2023 ஜூலையில் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கெனத் தனிப் பிரிவு இருக்கிறது. அங்கே விசாரியுங்கள், அல்லது அருகிலுள்ள கல்லூரிகளில் கேளுங்கள். சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால் தூரத்தைக் காரணம் சொல்ல முடியாது. செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு நீங்கள் வருவீர்கள் என்று ஒரு மாணவி நோட்டை விரித்து வைத்துக்கொண்டு காத்திருப்பாள் என்றால், திங்கட்கிழமை இரவிலிருந்தே உங்கள் நாள் வேறு மாதிரி இருக்கும். அது ஒத்துவராவிட்டால், உங்கள் தெருக் கோவிலில் வெள்ளிதோறும் பூத்தொடுத்துக் கொடுப்பதாகப் பொறுப்பெடுங்கள். உதிரிப் பூ வாடுமுன் நீங்கள் போயாக வேண்டும், அதுதான் அதிலுள்ள மருந்து.

ஆனால் ஓர் எச்சரிக்கை. ‘நீதான் வீட்டில சும்மா இருக்கியே’ என்று இன்னொரு படுக்கை நோயாளியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி உறவில் யாராவது கேட்பார்கள். இதுவரை கேட்கவில்லையென்றால் இனிமேல் கேட்பார்கள். உங்களுக்கு நன்றாகக் கைவந்த வேலை அது என்பதால், ஒருவருக்கு நாம் தேவைப்படுகிறோம் என்ற ஆறுதலுக்காகவே சம்மதித்துவிடத் தோன்றும். குறைந்தது ஓராண்டுக்கு மறுத்துவிடுங்கள். மகளின் பிரசவம் போன்றவற்றுக்குப் போவதானாலும், எத்தனை நாள் என்று முன்பே சொல்லிவிட்டுப் போங்கள்.

இங்கே தடையாக நிற்கப்போவது உங்கள் மனமேதான் என்பதையும் சொல்லியாக வேண்டும். தனிமையில் நெடுநாள் இருந்த மனம் மிகவும் உஷாராகிவிடுகிறது. பிறர் முகத்தில் சலிப்பையும் புறக்கணிப்பையும் முதலில் தேடுகிறது, தேடுவதால் கண்டும்பிடிக்கிறது. தனிமைக்கான பல்வேறு உதவி முறைகளை ஒப்பிட்டு 2011-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வில், ஆட்களோடு சேர்த்துவிடுவதைவிட இந்தத் தப்பெண்ணத்தைத் திருத்துகிற சிகிச்சைகளே கூடுதலாகப் பலன் தந்திருந்தன. இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். கல்லூரிக் காலத்துத் தோழி ஒருத்தியாவது இதே ஊரில் இருப்பாள். எட்டு, பத்து ஆண்டுகளாகப் பேசியிருக்கமாட்டீர்கள். இப்போது அழைத்தால் ‘என்ன காரியமாகக் கூப்பிடுகிறாள்’ என்று நினைப்பாளோ என்ற கூச்சம் வரும். பழைய தொடர்பைத் திடீரென்று புதுப்பிப்பவர்களைப் பற்றி 2022-இல் வெளியான ஆய்வுகளில், அழைப்பவர் எதிர்பார்த்ததைவிட அழைக்கப்பட்டவருக்கு அது அதிக மகிழ்ச்சி தந்ததும், எதிர்பாராமல் வந்த அழைப்பாக இருந்தால் அந்த மகிழ்ச்சி இன்னும் கூடியதும் தெரியவந்தது. அவளுக்கும் ஏறத்தாழ உங்கள் வயதுதான். அவள் வீட்டிலும் ஐந்து மணிக்கு டிவி யாரும் பார்க்காமல் ஓடிக்கொண்டிருக்கலாம். ‘உன் நினைப்பு வந்துச்சு, அதான் போட்டேன்’ என்ற ஒரு வரிக்கு மேல் முன்னுரை எதுவும் வேண்டாம்.

உங்கள் கணவரிடம் சொல்லத்தான் வேண்டும். அவரை வருத்தக் கூடாது என்று நீங்கள் மறைக்கிறீர்கள்; அவரும் அதே காரணத்துக்காக எதையோ மறைத்துக்கொண்டு ‘சாப்பிட்டியா, மழையா’ என்று பத்து நிமிடத்தில் போனை வைக்கிறார் என்றே எனக்குத் தோன்றுகிறது. இறந்தது அவருடைய தாய். தாயின் கடைசி ஆறு ஆண்டுகளை அவர் பார்க்கவில்லை. பார்த்தவர் உலகத்தில் நீங்கள் ஒருவர்தான். எந்தப் பாட்டைக் கேட்டால் அத்தையின் முகம் மலர்ந்தது, எந்தக் கஞ்சியைத் துப்பினார், கடைசி வாரத்தில் யாரைத் தேடினார் என்பதையெல்லாம் அவரிடம் யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள், கேட்க அவருக்கும் துணிவு வந்திராது. குவைத்தில் வெள்ளிக்கிழமை விடுமுறை. நமக்கு ஐந்து மணி ஆகும்போது அங்கே பிற்பகல் இரண்டரை, சாப்பிட்டுவிட்டுப் படுத்திருப்பார். ஒரு வெள்ளிக்கிழமை அந்த நேரத்தில் அழைத்து, ‘அத்தை இல்லாம வீட்ல இருக்க முடியலைங்க’ என்று மட்டும் சொல்லிவிட்டு, அவர் என்ன பேசுகிறார் என்று பாருங்கள். உடனே ஆறுதல் சொல்லத் தெரியாமல் ‘மகன்கிட்ட போய் ஒரு மாசம் இரு’ என்று வழி சொல்லத் தொடங்கினால் கோபிக்காதீர்கள். ஆண்கள் பலருக்கு அன்பு அந்த உருவத்தில்தான் வாயில் வரும். ‘வழி சொல்ல வேண்டாம், கொஞ்சம் கேளுங்க’ என்று சொல்லலாம். பிள்ளைகளுக்கும் உண்மை தெரிய வேண்டும், ஆனால் தினமும் அழைக்க வேண்டும் என்று அவர்களைக் கட்டாயப்படுத்தாதீர்கள். ஞாயிறு இத்தனை மணி என்று ஒரு நேரத்தைப் பேசி வைத்துக்கொண்டால், அழைப்பு வராத மற்ற ஆறு நாளும் மனம் போனைப் பார்த்துக்கொண்டிராது.

கடைசியாகக் கட்டில். எடுக்கலாமா கூடாதா என்பதற்கு மருத்துவத்தில் விதி எதுவும் இல்லை. நீங்கள் ஊரில் இல்லாத நாளில் யாரோ வந்து தூக்கிப் போய்விடுவதை மட்டும் அனுமதிக்காதீர்கள். தை மாதம் முதல் திதிக்குக் கணவரோ பிள்ளைகளோ வருவார்கள் அல்லவா? அவர்கள் இருக்கும்போது, அதே போன்ற நோயாளி இருக்கும் வேறு ஒரு வீட்டுக்கு, உங்கள் கையாலேயே அதைக் கொடுங்கள். ஆனால் பாயின் விஷயம் வேறு. படுக்கைப்புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அத்தையைப் புரட்டிப் படுக்க வைக்கச் சொல்லியிருப்பார்கள்; ஆறு ஆண்டுகளாக நீங்கள் நள்ளிரவில் எழுந்து செய்த வேலை அது. அந்த மூன்று மணி விழிப்பில் நோய்க்கு எவ்வளவு பங்கோ, அந்தப் பழக்கத்துக்கும் அவ்வளவு பங்கு இருக்கக் கூடும். அதே இடத்தில், அதே கட்டிலின் காலடியில் படுத்திருக்கும் உடம்புக்கு வேலை முடிந்துவிட்டது என்று இன்னும் யாரும் சொல்லவில்லை. கட்டில் தை வரைக்கும் கூடத்தில் இருக்கட்டும். பாயை இன்றிரவே உள்ளறைக்கு எடுத்துச் சென்றுவிடுங்கள்.